ஏழு அங்குலம் காலி

கத்தியை எங்களுக்கு அனுப்பவில்லை.
அதன் அச்சு வந்தது.
மழுங்க வார்த்த அலுமினியம்,
பிடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண்.
மேஜையில் வைத்து சூப்பர்வைசர் குணாளன் சொன்னான்:
"இதுக்குத்தான் சட்டை தைக்கணும்.
நாலாயிரம் உருப்படி."

ராணிப்பேட்டை சிப்காட்டில் பதினொரு வருஷம்
கைப்பைகளுக்கு வாய் தைத்தவள் நான்.
கைப்பையின் வாய் திறக்கத்தான்.
இது அப்படியில்லை.
தலைகீழாக மூன்று தரம் உதறினாலும்
விழக்கூடாது;
கட்டைவிரல் நினைத்தால்
உடனே விட்டுவிட வேண்டும்.
நடக்கையில் சத்தம் வரக்கூடாது.
வரைபடத்தின் ஓரத்தில் இதையெல்லாம்
பென்சிலில் எழுதியிருந்தார்கள்,
ரசப்பொடிக்கு அளவு எழுதுகிற மாதிரி.

அலகும் பிடியும் ஒரே இரும்பு என்று
அந்தத் தாளில்தான் பார்த்தேன்.
முனையில் தொடங்கியது
உள்ளங்கை முழுக்க ஓடி
அதையும் தாண்டி ஒரு விரற்கடை நீள்கிறது.
ரப்பரைப் பிடிப்பதாக நினைப்பான்,
பிடித்திருப்பது கத்தியைத்தான்.
மடக்குக் கத்திக்கு ஒரு மூட்டு உண்டு.
மூட்டு என்று இருந்தால்
ஒருநாள் கழன்றுகொள்ளும், என் அம்மாவுக்கு மாதிரி.
இதற்கு மூட்டே இல்லை.

அலகின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பள்ளம்.
"ரத்தம் வடியறதுக்குக்கா" என்றான்
கட்டிங் இம்தியாஸ், கண்ணை அகட்டி.
ரத்தத்துக்கு யாராவது வாய்க்கால் வெட்டித் தர வேண்டுமா என்ன.
எடை குறைக்கத்தான் அந்தப் பள்ளம்.
சுமந்து நடக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று
யாரோ யோசித்திருக்கிறார்கள்.
பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்குக் காப்பு:
வியர்த்த கை வழுக்கி
தன் கத்தியில் தானே ஏறாமலிருக்க.
உறைக்குள் ஒரு தகடு:
தடுக்கி விழுந்தால் முனை தோலைக் கிழித்து
அவன் தொடைக்குள் போகாமலிருக்க.
அலகில் கறுப்புப் பூச்சு:
நிலா அதில் முகம் பார்க்காமலிருக்க.

எதிரியைப் பற்றி
அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை.

கம்மவான்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் தெபொராள்
டிபன் நேரத்தில் சொன்னாள்:
"எங்க வூட்டுக்காரருகிட்டயும் ஒண்ணு இருந்துச்சி."
இன்னாத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.
பால் டின் திறக்க. கயிறு அறுக்க.
பூட்ஸ் அடியில் இறுகிய பனியைச் சுரண்ட.
அப்புறம் ஒருவாட்டி...
இட்லியைச் சாம்பாரில் புரட்டிக்கொண்டே இருந்தாள்.
பேச்சை மாற்றலாம் என்று நான்,
"பிடிக்கு அடியில கட்டையா ஒரு குமிழ் இருக்குதே,
அது சுத்தியலுக்காம், ஆணிகூட அடிக்கலாமாம்" என்றேன்.
"அடிச்சாரு" என்றாள்.
"கூட இருந்தவருக்கு, பெட்டிக்கு."

அன்று மதியம் முழுக்க
மிஷின் சத்தம் மட்டும்.

நான் பீச்சாங்கைக்காரி.
வரைபடத்தில் எல்லா இடுப்பும் வலது இடுப்பு.
ஒன்றே ஒன்று, பட்டியை மறுபக்கம் திருப்பித் தைத்தேன்.
வேண்டுமென்றா, கை தானாகப் போனதா,
இன்றுவரை எனக்கே தெரியாது.
சோதிக்க வந்தவர் முப்பது பெட்டியில்
அதைத்தான் கையில் எடுத்தார்.
"டிராயிங்ல இடது கை இல்லையேம்மா."
"பட்டாளத்துல இருக்குமே சார்."
சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு
என்னிடமே கொடுத்தார்.

முத்துக்கடை பஸ்ஸில்
டிபன் பைக்குள் அதைக் கொண்டுவந்தேன்.
உறையின் அடியில் சின்னதாக ஒரு துளை,
மழைத் தண்ணீர் தங்காமல் வடிய.
பாலாற்றுப் பாலம் ஏறும்போது
துளையைக் கண்ணோடு வைத்துப் பார்த்தேன்.
தொலைவில் ஒரு சில்லறைக் காசளவு வெளிச்சம்,
அதில் கொஞ்சம் மணல், போகிற ஒரு லாரி.
நடுவே ஏழு அங்குல இருட்டு.
முனை வந்து நிற்க வேண்டிய இடத்தில்
என் கண்.